செக்கிங்கக்கா வீட்டு வரவேற்புக் கதவு

தெருவில் அவளை எல்லோரும் செக்கிங்கக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டை தைத்து வெளியூருக்கு அனுப்பும் ஆலையில், தைத்து முடித்த சட்டைகளைச் சரிபார்க்கும் மேசையில் பாதி வாழ்நாள் நின்றவள். குழல்விளக்கின் கீழே சட்டையை விரித்து, காலரிலிருந்து கீழ்மடிப்பு வரை ஒரு தரம் தடவினால் போதும். எங்கே தையல் தாவியிருக்கிறது, எங்கே நூல் இழுத்திருக்கிறது என்று விரலே சொல்லிவிடும். குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டி, சட்டையைப் பக்கத்துத் தொட்டியில் போடுவாள். தொட்டியில் விழுந்ததற்கு ரிஜெக்ட் என்று பெயர். அதன் பிறகு அதை யாரும் சட்டையாக மதிப்பதில்லை.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பொத்தான் துளை ஒன்று கோணிப்போனதற்கு முழுச் சட்டையும் குப்பை என்றால், பாக்கெட் என்ன பாவம் செய்தது? நன்றாகத் தைத்த கை என்ன பாவம் செய்தது? அம்பு ஒட்டுவது அவள் வேலை, ஒட்டினாள். ஆனால் ஒவ்வொரு சட்டையையும் தொட்டியில் போடும்போது இதில் எது நல்லது என்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போடுவாள். ஆலையை வேறு ஊருக்கு மாற்றியபோது, தொட்டியில் கிடப்பதை வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்கள் உடுத்த முடிந்ததாகப் பார்த்துப் பொறுக்கினார்கள். இவள் மூட்டை கட்டினாள்.

கணவர் பெயிண்டர். கதவு, சன்னல், மேசை, நாற்காலி என்று மரத்துக்கு வண்ணம் அடிப்பவர். சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு குணம் மட்டும் உண்டு: எங்கே கீறலைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காது. உறவுக்காரர் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், சாப்பிட்ட கை காய்வதற்குள் அங்கே உரிந்து நிற்கும் நாற்காலிக் கால் என்ன நிறம் என்று விசாரித்து முடித்திருப்பார்.

ஆக, குறையுள்ள பொருளைக் காப்பாற்ற நினைப்பவள் ஒருத்தி. குறையைக் கண்டால் மூடி மறைத்துவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பவர் மற்றவர். இருவரும் ஒரே கூரையின் கீழ் இத்தனை வருடம் சண்டையில்லாமல் காலம் தள்ளியதற்குக் காரணம், பகல் முழுவதும் அவள் ஆலையிலும் அவர் வேலைக்குப் போன வீட்டிலும் இருந்ததுதான். ஆலை போன பிறகுதான் இருவரும் ஒருவரையொருவர் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் வீட்டை ஒட்டியபடியே அடுத்த வாசல், அம்மா விட்டுப்போன வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை, பின்னால் குளியலறை. அந்தக் கூடத்தின் சுவரும் இவள் சமையலறைச் சுவரும் ஒன்றே. அவளுக்கும் அண்ணனுக்கும் பொதுவான சொத்து. மாத வாடகைக்கு விட்டதில், வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு ஆணி அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கடைசியாக இருந்த குடும்பம் காலி செய்ததும், அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தார்.

"குழாய்க்கடைக்காரர் கேக்குறாரு. குடோனா வெச்சுக்குவாராம். நமக்கும் நிம்மதி. குழாய் என்ன, தண்ணி வரலைன்னு போன் பண்ணுமா, பல்பு பியூஸ் போச்சுன்னு வந்து நிக்குமா?"

"வீட்டை வீடாவே வெச்சுக்கலாம்ணே. பக்கத்துல பெரிய ஆஸ்பத்திரி இருக்கு, பரீட்சை எழுத வர்றவங்க இருக்காங்க. வெளியூர்லேர்ந்து வர்றவங்க ரெண்டு நாள் தங்கட்டும். நான் பாத்துக்குறேன்."

"யாரு, உன் சட்டை மூட்டைய வெச்சுக்கிட்டா?"

"ஆமா, அதை வெச்சுக்கிட்டுத்தான்."

அண்ணன் சிரித்தார். வாடகை வீடுகளைத் தேடிப் பிடித்துப் பட்டியலில் போட்டு, விருந்தினர்களை அனுப்பும் ஏஜென்சி ஒன்று இருந்தது. அதில் இடம் கிடைப்பது லேசில்லை என்று அவருக்கும் தெரியும்.

"சரி, ஒரு பேச்சு. அந்த ஏஜென்சிக்காரங்க இந்த வீட்டை எடுத்துக்கிட்டாங்கன்னா நான் வாயே தொறக்கல. எடுத்துக்கலேன்னா சாவி குழாய்க்காரர் கைக்குப் போயிடும். அப்புறம் அம்மா வீடு, அப்பா வீடுன்னு அழுதுக்கிட்டு வரக் கூடாது."

"வர மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று சமையலில் உப்புப் போட மறந்துவிட்டாள்.

மறுநாள் மூட்டையைப் பிரித்தாள். கோடு போட்ட சட்டைகளின் முதுகுத் துணியை வெட்டி ஒட்டுப்போட்டுத் திரைச்சீலை தைத்தாள். சட்டைக் கைகளின் கஃப்களை மட்டும் பொத்தானோடு வெட்டி எடுத்து, திரையை ஒதுக்கிக் கட்டும் வார் ஆக்கினாள். பொத்தானைப் போட்டால் திரை இடுப்பு கட்டி நிற்கும், அவிழ்த்தால் விழும். பழைய போர்வை ஒன்றின் மேல் பல நிறப் பாக்கெட்டுகளை வரிசையாகத் தைத்து, வாசலுக்கு உள்பக்கம் மாட்டினாள். ஒரு பாக்கெட்டில் வீட்டுச் சாவி, ஒன்றில் போன் சார்ஜர், ஒன்றில் பக்கத்து மருந்துக்கடையின் எண், ஒன்றில் தலைவலி மாத்திரை, ஒன்றில் ஊசியும் நூலும். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பொத்தான் அறுந்த சட்டையோடுதான் வருவார்கள் என்பது அவள் அனுபவம். மின்கம்பி சுற்றிவந்த மர உருளை ஒன்று சாலையோரம் கிடந்தது. அதை உருட்டிக்கொண்டு வந்து படுக்க வைத்தாள், தேநீர் மேசை ஆயிற்று. கணவர் தூக்கிப் போட்ட பெயிண்ட் டப்பாக்களில் செடி வைத்தாள். வழிந்து காய்ந்த வண்ணத்தோடு அப்படியே வைத்ததுதான் அழகு என்று அவள் நினைத்தாள். காலையில் போய்ப் பார்த்தால் டப்பாக்கள் எல்லாம் தின்னர் போட்டுத் துடைத்து வெள்ளிக் கிண்ணம் மாதிரி இருந்தன.

"ஏங்க, அதைத் தொடாதீங்கன்னு சொன்னேன்ல."

"வழிஞ்சு கிடந்துதும்மா. பாக்குறவன் என்ன நினைப்பான்? பெயிண்டருக்கு டப்பாவக்கூட ஒழுங்காப் பிடிக்கத் தெரியலேன்னு சொல்ல மாட்டானா?"

பழகிப் பார்க்க, தெரிந்தவர்கள் மூலம் சிலரைத் தங்க வைத்தாள். அவர்கள் அவளைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஒருவர் பாக்கெட் துணியை மடித்து அலமாரிக்கு மேல் போட்டுவிட்டுப் போனார்; துவைத்துக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாராம். மலர் செருகிய பாட்டிலைக் கழுவித் தண்ணீர் பிடித்துக் குடித்தார் இன்னொருவர். திரையில் இருந்த கஃப் ஒன்றைக் கழற்றிக்கொண்டு வந்து, "உங்க வீட்டுக்காரர் சட்டை கிழிஞ்சு இங்க மாட்டிக்கிட்டிருக்குங்க" என்று அக்கறையோடு கொடுத்தாள் ஒரு பெண். செக்கிங்கக்கா வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். வேறு என்ன சொல்வது?

ஆனாலும் அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அதுதான் அந்தக் கதவு.

பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றை இடித்தபோது, விறகுக்குப் போக இருந்த கதவை வண்டிக்காரரிடம் கெஞ்சி வாங்கி வந்திருந்தாள். கனமான மரம். மேலே பச்சை, பச்சை உரிந்த இடத்தில் வெளிர்மஞ்சள், அதற்கும் கீழே நீலம், அடியில் காவி. ஒவ்வொரு தலைமையாசிரியரும் தன் காலத்தில் ஒரு நிறம் அடித்துவிட்டுப் போயிருக்கிறார் போல. கணவர் தேய்த்துத் தூக்கிப் போட்ட உப்புத்தாள் துண்டுகளை எடுத்துவந்து, தண்ணீர் தொட்டுத் தொட்டு, ஓய்ந்த நேரமெல்லாம் அந்தக் கதவைத் தேய்த்தாள். ஓரிடத்தில் மஞ்சள் தெரியும் வரை, ஓரிடத்தில் நீலம் எட்டிப்பார்க்கும் வரை, பிள்ளைகளின் கை பட்டுப் பட்டு வழுவழுத்திருந்த இடத்தில் மரம் தெரியும் வரை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதை விரல் சொல்லும். மாதக்கணக்காகத் தேய்த்தாள். பிறகு அதை வாசலுக்கு நேர் எதிரே, தன் சமையலறையை ஒட்டிய கூடத்துச் சுவரில் நிமிர்த்தி மாட்டினாள். கொக்கிகள் வைத்தாள், குடையும் பையும் மாட்டிக்கொள்ள. நடுவில் சின்னக் கரும்பலகை ஒன்றை வைத்து, வருகிறவர் பெயரைச் சாக்பீஸால் எழுதினாள். தெருக்கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது அந்த வண்ணங்களும், நடுவில் வந்தவரின் பெயரும்.

போட்டோ எடுத்து ஏஜென்சிக்கு அனுப்பினாள். ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"மேடம், மத்ததெல்லாம் நேர்ல பாத்துதான் சொல்லணும். ஆனா அந்தக் கதவு எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. கைவேலை வீடுகள்னு தனிப் பட்டியல் ஒண்ணு போடுறோம், அதுல முதல் படமா இதைத்தான் வைக்கலாம்னு இருக்கோம். வியாழக்கிழமை காலையில வரேன். போட்டோல இருக்கிறபடியே வீடு இருக்கணும், அது மட்டும் பாத்துக்கங்க."

செக்கிங்கக்கா அந்த வார்த்தையைப் பக்கத்து வீட்டிலும் எதிர்வீட்டிலும் சொன்னாள். அண்ணனிடமும் சொன்னாள். அண்ணன் நேரே அந்த வீட்டுக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக் கதவைப் பார்த்தார். பக்கத்தில் பெயிண்டர் நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் மாப்ள, ஊர்க் கதவெல்லாம் பளபளன்னு அடிக்கிறீங்க. உங்க வீட்டுக் கூடத்துல சொறி பிடிச்ச மாதிரி ஒண்ணு நிக்குதே. நாளைக்கு ஏஜென்சிக்காரங்க, இந்த வீட்டு ஆம்பளை என்ன வேலை பாக்குறாருன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

பெயிண்டர் கதவில் உரிந்திருந்த ஓரத்தை நகத்தால் சுரண்டினார். அவள் அங்கே இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அவள் அப்போது மாடியில் திரை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் வெளியூருக்குப் போனாள். ஆலையில் பக்கத்து மேசையில் நின்ற தோழி இப்போது வேறு ஊரில் தையல் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் கட்டில் விரிப்பு ஒன்று தைக்கக் கொடுத்திருந்தாள், எல்லாம் நீலக்கோட்டுச் சட்டைத் துணி. ஓரம் தைக்கத் தோழிக்கு உதவிவிட்டு, ஓர் இரவு தங்கி, புதன்கிழமை மாலை விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். தெருமுனையிலேயே எனாமல் வாசனை வந்தது. யார் வீட்டிலோ வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தாள். அந்த வாசனை அவளோடுதான் நடந்து வந்து, அம்மா வீட்டு வாசலில் நின்றது.

பெயிண்டர் கூடத்தில் கையைத் துடைத்தபடி நின்றிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெட்கச் சிரிப்பு. பெண் பார்க்க வந்த நாளில்தான் அந்தச் சிரிப்பை அவள் கடைசியாகப் பார்த்தது.

சுவரில் ஒரு புதுக் கதவு இருந்தது. அடர் காப்பி நிறம். ஒரு பொட்டு இல்லை, ஒரு வரி இல்லை. மின்விளக்கு அதில் இன்னொரு மின்விளக்காகத் தெரிந்தது. அவளும் தெரிந்தாள், விரிப்போடு.

"கண்ணாடி மாதிரி இருக்குல்ல?" என்றார்.

"என்னங்க இது?"

"நம்ம கதவுதான்."

"பழைய பெயிண்ட் எங்க?"

"எல்லாத்தையும் எடுத்துட்டேன். ராத்திரியும் தூங்காம மரம் வரைக்கும் சுரண்டி, பட்டி பாத்து, பிரைமர் கொடுத்து, ரெண்டு கோட்டு. எந்தப் பாவி அடிச்சானோ, நாலு கலர் இருந்துச்சு, ஒண்ணுக்கும் அடியில பிரைமர் இல்லை. அதான் அப்படி உரிஞ்சிருக்கு."

அவள் விரிப்பை மர உருளையின் மேல் வைத்தாள்.

"அந்த உரிஞ்சதுதாங்க அலங்காரம்."

"எது?"

"அந்த நாலு கலரும்தான். அதைப் பாக்கத்தான் நாளைக்கு வர்றாங்க."

பெயிண்டர் அவளைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. போவதற்கு வழி தெரியாமல் உதட்டோரம் நின்றது.

"நீ மாசக்கணக்கா அதைத் தேய்ச்சுக்கிட்டே இருந்தியேம்மா. எடுக்க முடியாம கஷ்டப்படுறேன்னுல்ல நினைச்சேன். அதுவும் நான் தூக்கிப் போட்ட தாள வெச்சுக்கிட்டு. அதுல எப்படிப் பெயிண்ட் வரும்? அங்க கொஞ்சம் இங்க கொஞ்சம்தான் வரும். பாவம், வாய் விட்டுக் கேக்க மாட்டேங்குறா, நாமளே முடிச்சுக் கொடுத்துடுவோம்னு…"

அவளுக்குத் திட்டுவதற்கு வாய் துடித்தது. ஆனால் எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை. முடியாத வேலை என்று அவர் நினைத்தது அவள் முடித்து வைத்த வேலை. இதை எப்படி விளக்குவது? கதவின் அருகே போனாள். அப்போதுதான் கவனித்தாள். வலது ஓரத்தில் பித்தளையில் ஒரு கைப்பிடி, அதற்கு மேலே தாழ்ப்பாள்.

"இது எதுக்கு?"

"கதவுன்னா கைப்பிடி வேணாமா? நல்லதாப் பாத்து வாங்கினேன். அந்தக் கொக்கி, கரும்பலகையெல்லாம் மரத்தைக் கெடுக்குது, கழட்டிட்டேன்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். இந்த ஆண்டி சங்கைக் கெடுத்ததோடு நிற்கவில்லை, மூக்கு முழி வைத்து மெருகும் போட்டிருந்தார். செக்கிங்கக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு சட்டென்று எழுந்தாள். ஒரு வழி இருந்தது.

"பின்பக்கம். பின்பக்கத்தைத் திருப்பி மாட்டலாம். அதுலயும் பச்சையும் நீலமும் இருந்துச்சு. தேய்ச்சா விடியறதுக்குள்ள கொஞ்சமாச்சும் கொண்டுவந்துடுவேன். வாங்க, பிடிங்க."

பெயிண்டர் நகரவில்லை.

"பிடிங்கன்னா."

"பின்பக்கம்தாம்மா முதல்ல அடிச்சேன்" என்றார் மெல்ல. "நேத்தே முடிஞ்சுது. முன்பக்கத்தைவிட அதுதான் நல்லா வந்திருக்கு. சுவர்ப்பக்கம்தானே, யாரு பாக்கப்போறான்னு விட மனசு வரலை."

யாரும் பார்க்காத பக்கத்தையும் விடாத மனிதர் என்று வேறு ஒரு நாள் அவள் பெருமையாகச் சொல்லியிருப்பாள். பல பேரிடம் சொல்லியும் இருக்கிறாள்.

அன்று இரவு அவள் புது விரிப்பைக் கட்டிலில் விரித்துவிட்டு விளக்கை அணைத்தாள்.

வியாழக்கிழமை காலை முதலில் வந்தது ஏஜென்சி இல்லை, அண்ணன். கூடவே குழாய்க்காரர், கையில் அளவு நாடாவோடு.

"அவங்க வர்ற நேரமாச்சேண்ணே" என்றாள் செக்கிங்கக்கா.

"வரட்டும். அவங்க பாட்டுக்குப் பாக்கட்டும், இவரு பாட்டுக்கு அளக்கட்டும். யாருக்குக் கொடுத்து வெச்சிருக்கோ." அண்ணன் உள்ளே வந்தவர் கதவைப் பார்த்து நின்றார். "அட, மாப்ள. நான் ஒரு வார்த்தைதானே சொன்னேன்."

அப்போதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

குழாய்க்காரர் அளப்பதை விட்டுவிட்டுக் கதவுக்கு முன்னால் குனிந்து, தலைமுடியைச் சரி செய்துகொண்டார். "கதவு ஜோரா இருக்குங்க. எந்தக் கடையில வாங்கினது? இவ்வளவு ஃபினிஷிங்கா நான் பாத்ததே இல்லை."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச அவர் நினைக்கவில்லை. நல்ல மனிதர்தான்.

ஏஜென்சிப் பெண் வந்தாள். சின்ன வயது, கையில் டேப்லெட், அவசரமான நடை. வணக்கம் சொல்லி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தவள், நேரே போய் அந்தக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. தள்ளிப் பார்த்தாள்.

"இது எந்த ரூம் மேடம்? பூட்டியிருக்கா?"

அவள் கையை எடுத்துக்கொண்டாள். எனாமல் இன்னும் சரியாக இறுகவில்லை. கைப்பிடிக்குப் பக்கத்தில் விரல்களின் தடம் பதிந்திருந்தது.

"அது ரூம் இல்லீங்க" என்றாள் செக்கிங்கக்கா. "அதுதான் அந்தக் கதவு."

பெண் டேப்லெட்டில் போட்டோவைத் தேடி எடுத்தாள். போட்டோவைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடியும் போட்டோவைப் பார்த்தாள்.

"ஏன் மேடம் இப்படிப் பண்ணினீங்க?"

அண்ணன் சிரித்துவிட்டார். "அவ பண்ணலம்மா. எங்க மாப்ள பண்ணின திருப்பணி. பொண்டாட்டிக்கு உதவி பண்றேன்னு…"

"அண்ணே" என்றாள் அவள். "அவரைத் திட்டணும்னா அதுக்கு நான் இருக்கேன். இன்னும் நான் ஆரம்பிக்கவே இல்லை. நீங்க முந்திக்கிட்டு வரிசையில நிக்காதீங்க."

பெயிண்டர் ஒரு ஓரமாக, தன் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஏஜென்சிப் பெண் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பாக்கெட் துணியின் முன் கொஞ்ச நேரம் நின்றாள். ஊசிநூலை எடுத்துப் பார்த்துச் சிரித்தாள். கஃப் வாரின் பொத்தானை அவிழ்த்துப் போட்டுப் பார்த்தாள். புது விரிப்பைக் கையால் தடவினாள். குழாய்க்காரர் அளவு நாடாவோடு அவளுக்குப் பின்னாலேயே ஒவ்வொரு அறையாக வந்தார்; செக்கிங்கக்காவுக்கு அந்த நாடா தரையில் உரசும் சத்தம் பல்லைக் கூசச் செய்தது. கடைசியில் பெண் கூடத்துக்கு வந்து நின்றாள்.

"மேடம், உண்மையச் சொல்லிடுறேன். கைவேலைப் பட்டியலுக்கு முதல் படம் வேணும். அந்தக் கதவை வெச்சுத்தான் ஆபீஸ்ல பேசி வெச்சிருந்தேன். இப்ப இதைப் போட முடியாது. கதவுக் கடை விளம்பரம் மாதிரி இருக்கு. வேற ஏதாவது செஞ்சு வைங்க, அடுத்த சீசன்ல திரும்ப வந்து பாக்குறேன்."

"அடுத்த சீசனா?" செக்கிங்கக்கா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் குழாய்க்காரரைப் பார்த்தார்.

"இன்னைக்கே ஏதாவது முடியாதாங்க?"

பெண் யோசித்தாள். "சாதாரணப் பட்டியல்ல சேக்கலாம். வீடு சுத்தமா இருக்கு, ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்கு, ஆள் வருவாங்க. ஆனா அதுக்கு இன்னைக்கு எடுக்கிற போட்டோதான். எடுத்தபடியே ஒரு வருஷம் இருக்கணும். நடுவுல எதையும் எடுக்கக் கூடாது, மாத்தக் கூடாது. மாத்தினா வந்தவங்க புகார் கொடுப்பாங்க, நாங்க எடுத்துடுவோம்."

"இந்தக் கதவோடயா?"

"கதவைக் கழட்டிட்டா சுவர் எப்படி இருக்கும்?"

"ஆணி ஓட்டை" என்றார் பெயிண்டர், அன்று முதல் தடவையாக வாய் திறந்து. "நெறைய இருக்கு. பட்டி பாத்து, சுவரு பூரா வெள்ளையடிச்சுக் காய ரெண்டு நாள் ஆகும்."

"அப்ப கதவோடதான் மேடம். உங்க இஷ்டம்."

செக்கிங்கக்கா கதவைப் பார்த்தாள். பழக்க தோஷம், மேலிருந்து கீழ்வரை, செக்கிங் மேசையில் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அம்பு ஒட்ட ஓர் இடம் கிடைக்கவில்லை. இந்தக் குறையில்லாத கதவை ஒரு வருடம் தினமும் பார்க்க வேண்டும். வருகிறவர்களெல்லாம் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள். முடியாது என்று சொன்னால் மத்தியானத்துக்குள் இந்தக் கூடத்தில் குழாய் அடுக்கிவிடுவார்கள். பாக்கெட் துணி, விரிப்பு, திரை எல்லாம் மறுபடி மூட்டைக்குப் போகும்.

"போட்டோ எடுத்துக்கங்க" என்றாள்.

"ஒரு நிமிஷம்" என்றார் பெயிண்டர். "விரல் தடம் இருக்கு. அதோட எடுத்தா நல்லா இருக்காது."

அவர் டப்பாவைத் திறந்தார். டப்பாவைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்தது. அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். செக்கிங்கக்கா போய்ப் பிடித்துக்கொண்டாள். அவர் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷின் நுனியால் மட்டும் தொட்டுத் தொட்டு இழுத்தார். விரல் தடம் இருந்த சுவடே இல்லாமல் போனது. அவர் காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

"கோபமா?" என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"டப்பாவப் பிடிச்சிருக்கேன், அதை வெச்சு எதையும் முடிவு பண்ணிடாதீங்க."

அண்ணன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கொஞ்சம் முணுமுணுத்தார், சாதாரணப் பட்டியல் என்று நாம் பேசவில்லையே என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தார், ஆனால் காப்பாற்றினார். குழாய்க்காரருக்கு வேறு இடம் கிடைத்தது. போகும்போது அவர் பெயிண்டரைத் தனியே கூப்பிட்டு, தன் கடைக் கதவுகள் அத்தனையும் இதே மாதிரி வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வேலையே மழைக்காலம் வரை இருந்தது. ஆக, அந்தக் கதவால் லாபம் அடைந்தவர் உலகத்தில் ஒரே ஒருவர்.

வீட்டுக்கு ஆள் வந்தார்கள். சாதாரணப் பட்டியலைப் பார்த்து வருகிறவர்கள். நோயாளியைப் பார்க்க, நேர்முகத் தேர்வுக்கு, பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க. களைத்து வருவார்கள். பாக்கெட் துணியில் கை துடைத்தவர்கள் உண்டு. அதிலிருந்த மாத்திரையால் தலைவலி தீர்ந்ததாகச் சொன்னவர்களும் உண்டு. கஃப் வாரை ஒருவரும் கவனிக்கவில்லை. ஆனால் வந்தவர் அத்தனை பேரும், ஒருவர் விடாமல், பையைக் கீழே வைத்ததும் செய்த காரியம் ஒன்றே. நேரே போய் அந்தக் கைப்பிடியை இழுப்பார்கள்.

ஒருவர் ஏஜென்சிக்கு எழுதியே விட்டார்: வீடு சுத்தம், ஆனால் உரிமையாளர் ஓர் அறையைப் பூட்டித் தன் சாமான்களை வைத்திருக்கிறார், வாங்கும் வாடகைக்கு இது முறையல்ல. ஏஜென்சியில் யாரோ புதியவர் போன் செய்து, "அந்த ரூம்ல என்ன மேடம் வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"சுவருங்க" என்றாள் செக்கிங்கக்கா.

கைப்பிடியைக் கழற்றலாம் என்றால் போட்டோவில் கைப்பிடி இருக்கிறது. பக்கத்தில் ஒரு துண்டு எழுதி ஒட்டலாம் என்றால் போட்டோவில் துண்டு இல்லை. கேட்டுப் பார்த்தாள், விதி விதிதான் என்றார்கள். பெயிண்டர் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே ஒரு யோசனை சொன்னார்.

"பேசாம அந்தச் சுவரை இடிச்சு, கதவை நிஜமாவே வெச்சுட்டா என்ன? இந்தப் பக்கம் நம்ம சமையல்கட்டுதானே."

அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மேற்கொண்டு பேசாமல் மோரை ஊற்றிக்கொண்டார்.

நேற்றும் ஒரு குடும்பம் வந்தது. அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பைகளை வைக்கும் சத்தம், ஒரு குழந்தை ஓடும் சத்தம், பிறகு காலடிகள் நெருங்கி வரும் சத்தம். கைப்பிடி ஒரு முறை கடகடத்தது. கொஞ்சம் நின்று, இன்னும் பலமாக ஒரு முறை.

செக்கிங்கக்கா கத்தியைக் கீழே வைக்காமலேயே, திரும்பாமலேயே, சுவரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அது தொறக்காதுங்க. விட்டுடுங்க."